கடுகு கடித்ததாகச் சொன்னது

பிப்ரவரி 6, செவ்வாய்

கடுகு இன்று என்னைக் கடித்துவிட்டது.

தண்ணீர்ப் புட்டியை மாற்றக் கூண்டுக்குள் கையை விட்டேன். ஒன்றரை வருடமாகத் தினமும் விடுகிற கைதான். வழக்கமாக மணிக்கட்டில் ஏறி, புடவைத் தலைப்புக்குள் முகத்தை நுழைத்து, இன்றைக்கு என்ன சமையல் என்று மோந்து பார்க்கும். இன்று மூலையில் உட்கார்ந்திருந்தது. முடியெல்லாம் சிலிர்த்து, உடம்பு இரண்டு மடங்காகத் தெரிந்தது. குளிராக்கும் என்று தொட்டேன். ஆள்காட்டி விரலில் பல் ஆழமாக இறங்கிவிட்டது. உதறினேன், விடவில்லை. விட்ட பிறகும் ஓடவில்லை. பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து என்னையே பார்த்தது.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் ஊன்றுகோலோடு வந்தார். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, விரலைக் குழாயடியில் பிடித்துக் கழுவி, அவரே கட்டுப் போட்டார். விபத்துக்குப் பிறகு அவர் வலது கை நடுங்கும். துணியை முடிச்சுப் போட வெகுநேரம் ஆயிற்று. நான் அசையாமல் இருந்தேன். "வலிக்குதா கோகி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இப்படிப்பட்ட மனிதர் யாருக்குக் கிடைப்பார்.

மாலையில் தெருமூலை மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டேன். "வீட்டு எலியா, வளர்ப்பு எலியா?" என்று நர்ஸ் கேட்டாள். வளர்ப்பு எலி என்றதும் சிரித்தாள்.

பிப்ரவரி 7, புதன்

அதே கூண்டில் இருக்கும் உளுந்தின் காதிலும் ஒரு பல் குறி. கடுகுதான் கடித்திருக்க வேண்டும். கூடப் பிறந்ததையே.

பிப்ரவரி 9, வெள்ளி

மாவு ஆட்டும் நாள். அவரைப் பிசியோதெரபிக்கு ஆட்டோவில் அனுப்பிவிட்டுத்தான் கிரைண்டரைப் போடுகிறேன். விபத்துக்குப் பிறகு சத்தம் அவருக்கு ஆகாது. கிரைண்டர், மிக்ஸி, குக்கர் விசில், மாடிவீட்டில் ஆணி அடிப்பது, எதுவும் ஆகாது. ஒண்டிப்புதூர் பாலத்தில் வண்டி சறுக்கித் தலையின் முன்பக்கம் அடிபட்டது ஐப்பசியில். இருபது வருடம் லேத் பட்டறைச் சத்தத்தில் நின்றவர். இப்போது ஒரு கரண்டி விழுந்தால் காதைப் பொத்திக்கொள்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் மாவை வழித்துக் கல்லைக் கழுவி வைத்துவிட்டேன்.

மதியம் ஹர்ஷினிக்கு ஃபோன் செய்தேன். மாடியில் வாடகைக்கு இருந்து படித்த பெண். ஜெர்மனிக்குப் போகும்போது இரண்டு எலிக்குட்டிகளையும் கூண்டையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். "அங்கிள்தான் நல்லாப் பாத்துக்குவாரு" என்றாள். பார்த்துக்கொண்டார். கறுப்புக்குக் கடுகு, வெள்ளைக்கு உளுந்து என்று பெயர் வைத்ததும் அவர்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. பட்டறையிலிருந்து வந்ததும் சட்டைக் கையை விட்டுக்கொடுத்து இரண்டையும் தோளில் ஏற்றிக்கொண்டுதான் காபி குடிப்பார்.

"ஆண்ட்டி, ஆண் எலிங்களுக்கு ஒரு வயசுக்குள்ள திமிர் வரும். அது வேற," என்றாள் ஹர்ஷினி. "இவ்வளவு வயசானதுக்கப்புறம் திடீர்னு கடிச்சா, ஒண்ணு எங்கயோ வலிக்குது, இல்லைன்னா எதையோ கண்டு பயந்திருக்கு. கண்ணைச் சுத்திச் சிவப்பா இருக்கா பாருங்க."

இருந்தது. ரத்தம் மாதிரி. ரத்தமில்லையாம். உடம்புக்கு முடியாதபோதும் மிரண்டுபோனபோதும் எலியின் கண்ணீரே அந்த நிறத்தில் வருமாம்.

"கீழ எதாச்சும் விழுந்துதா?" என்று கேட்டாள்.

போன மாதக் கடைசியில் கூண்டு மேசையிலிருந்து விழுந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமிருக்காது. இல்லை என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 10, சனி

தலைவலி. மாவு வாங்க வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன். வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

தங்கை பிருந்தா வந்தாள். உள்ளே நுழைந்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏனக்கா, கன்னம் என்ன இப்படி வீங்கியிருக்குது?"

கடுகு பாய்ந்தது, பயந்து பின்னால் நகர்ந்தேன், கதவு நிலையில் இடித்துக்கொண்டேன் என்றேன். விரலில் கட்டு இருந்ததால் நம்பிவிட்டாள்.

"எலியெல்லாம் ஊட்டுக்குள்ள வெச்சுச் சோறு போட்டா இப்படித்தான். கண்ணுல பட்டிருந்தா என்னாகறது? மருந்து வெச்சுக் கொன்னு போடுக்கா. இல்லைன்னா இவங்ககிட்டச் சொல்லி எங்காச்சும் விட்டுட்டு வரச் சொல்றேன்." இவங்க என்றால் அவள் வீட்டுக்காரர் கனகராஜ்.

கட்டிலில் படுத்திருந்தவர் எழுந்து வந்தார். என் முகவாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். காலையிலிருந்து பக்கத்திலேயே இருந்தவர் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"கடுகா பண்ணுச்சு?"

பிருந்தா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாங்க," என்றேன்.

"அப்படின்னா அது வேண்டாம்," என்றார்.

அவள் போன பிறகு வெகுநேரம் கூண்டின் முன்னால் நின்றார். கடுகு அட்டைப்பெட்டிக்குள் போய் ஒளிந்துகொண்டது.

பிப்ரவரி 13, செவ்வாய்

பழைய கிளிக்கூண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி உளுந்தைத் தனியாகப் பிரித்தேன். கழுவும்போது இரண்டு கூண்டுத் துணிகளையும் ஒரேயடியாக மாற்றக் கூடாதாம். பாதியை விட்டுவைத்தால்தான் தன் வாசனை இருக்கிறதென்று எலிக்கு நிம்மதியாக இருக்குமாம். ஹர்ஷினி சொன்னாள். இரவல் கூண்டில் உளுந்து ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

இப்போது கடுகைப் படிக்கத் தெரிந்துவிட்டது. கடிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் அது சொல்லிவிடுகிறது. முதலில் அசையாமல் நிற்கும். பிறகு பிட்டத்து முடி மட்டும் எழும்பும். பிறகு உடம்பைக் குறுக்காகத் திருப்பிக்கொண்டு வால் நுனியை ஆட்டும். அந்த நேரத்தில் கையை நீட்டினால் நம் தப்பு. கையை வேகமாக இழுத்தாலும் தப்பு. ஒரு துண்டை மடித்து நடுவில் வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல், மெதுவாக விலகிவிட வேண்டும். விலகினால் தானே அடங்கும். வலது பக்கமாக நெருங்கினால் கோபம் சீக்கிரம் வருகிறது. இடது பக்கம் பரவாயில்லை.

அவருக்கு வலது கால் பெருவிரல். தரையில் தட்ட ஆரம்பிக்கும். பிறகு பேச்சு நின்றுவிடும். பேச்சு நின்றால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் துணி காயப்போடப் போய்விடுவேன். காய்ந்த துணியையே எடுத்து மறுபடி போட்டிருக்கிறேன்.

சில சமயம் பெருவிரல் தட்டுவதில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

கனகராஜ் சாக்குப்பையோடு வந்துவிட்டார். இவர்தான் ஃபோன் செய்து வரச் சொல்லியிருக்கிறார். இடது மணிக்கட்டை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே இருவருக்கும் காபி கொடுத்தேன்.

"கையில என்னங்க?" என்றார் கனகராஜ்.

"அதுதான்டா, அந்த எலிதான். நேத்தும் கடிச்சிருக்குது," என்றார் இவர். நான் சொல்லவே இல்லை. காலையில் நீலம் பாரித்திருந்ததைப் பார்த்து அவராகவே முடிவு செய்துகொண்டார். அவர் குரலில் அவ்வளவு வருத்தம். எனக்காகத்தான்.

வியாதியோடு ஓர் உயிரைக் கொண்டுபோய் விட்டால் பாவம், ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுகிறேன், அடுத்த ஞாயிறு எடுத்துக்கொண்டு போங்கள் என்று கெஞ்சினேன். கனகராஜ் சாக்கை மடித்து வண்டியில் வைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

எலியைப் பார்க்கிற கால்நடை மருத்துவர் ஊரில் அதிகம் பேர் இல்லை. ராமநாதபுரத்தில் டாக்டர் நஸ்ரீன் பார்ப்பார் என்று மயிலாத்தாக்கா விசாரித்துச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர், பூனை வளர்ப்பவர். இவரைப் பிசியோதெரபியில் விட்டுவிட்டு அதே ஆட்டோவில் போனேன்.

டாக்டருக்கு என்னைவிட வயது குறைவு. கடுகைத் துண்டில் சுருட்டி, தலையை மட்டும் வெளியே விட்டு, பேசிக்கொண்டே வாயைத் திறந்து பார்த்தார். இடது பக்கம் தொட்டபோது சும்மா இருந்தது. வலது தாடையில் விரல் பட்டதும் கத்தியது. எலி அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

"பல் ஒண்ணு வேரோட ஒடைஞ்சிருக்குங்க. உள்ள சீழ் கட்டியிருக்கு," என்றார். விலாவைத் தடவினார். "இங்க எலும்பு விட்டுக் கூடியிருக்கு. கீழ விழுந்துதுங்களா?"

"கூண்டு விழுந்துச்சுங்க."

"எப்ப?"

"போன மாசம்."

"இத்தனை நாளும் இந்த வலியோடதான் தின்னுட்டு, நடந்துட்டு இருந்திருக்கு. எலி வலியை வெளிய காட்டாதுங்க. காட்டினா காட்டுல வேற ஏதாவது அதைத் தின்னுரும். தாங்க முடியாமப் போற அன்னைக்குக் கடிக்கும். கெட்ட எலி இல்லைங்க இது."

எனக்கு ஏனோ அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். முந்தானை விலகிவிட்டது.

டாக்டர் பார்த்தார். கடுகை உதவியாளரிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இது என்னங்க?"

"அதுதாங்க, எலி."

"எலி கடிச்சா சின்னதா ரெண்டு ஓட்டை விழும். இது கை. நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் இந்தப் பக்கம்."

சுவரில் நாய்களின் இனப் படம் மாட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் மாட்டு டாக்டர்தாங்க. மனுஷங்களைப் பத்திக் கேக்க எனக்கு உரிமையில்ல," என்றார். "கடுகுக்கு நாளைக்கு ஆபரேஷன் பண்றேன். கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும். அதை வெச்சுக்க என்கிட்ட இடம் இருக்கு. உங்களை எங்க வெச்சுக்கறதுன்னுதான் தெரியலை."

வழி முழுக்க ஆட்டோவில் அந்தக் கதவைச் சாத்திய சத்தம்தான் காதில் இருந்தது. அவ்வளவு மெதுவாகச் சாத்தினார்.

பிப்ரவரி 21, புதன்

எழுதலாமா என்று யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

காலைப் பலகாரம் முடிந்ததும் காலிக் கூண்டைப் பார்த்தார். "அது அங்கயே இருக்கட்டும்," என்றார். "கனகராஜ் ஆஸ்பத்திரிக்கே போயி எடுத்துக்குவான். சூலூர்க் குளத்துக் கரையில விட்டுருவான்."

வீட்டில் தட்டுச் சோறு தின்று வளர்ந்த உயிர். காக்கை ஒரு பொழுதுகூட விட்டுவைக்காது.

"பல்லு ஒடைஞ்சு சீழ் கட்டியிருக்குதுங்க. அதை எடுத்துட்டாச் சரியாயிரும்னு சொல்றாங்க."

"வேண்டாம் கோகி. நான் இருக்கற ஊட்டுல உன்னை ஒண்ணு இந்தப் பாடு படுத்தும், அதைப் பாத்துட்டு உக்கோந்திருக்கோணுமா நானு? உன்ற மூஞ்சியப் பாரு. கையப் பாரு." அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. இவருக்கு நடிக்கத் தெரியாது.

"விரல்ல கடிச்சது மட்டுந்தாங்க அது," என்றேன்.

"மத்ததெல்லாம்?"

வாசல் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டேன். "நீங்க."

அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். கன்னம், பத்தாம் தேதி, மேல்வீட்டில் துளை போடும் சத்தம் கேட்டபோது. மணிக்கட்டு, சனிக்கிழமை, மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போனபோது. அதற்கு முன்னால் தோள். அதற்கும் முன்னால் முதுகு. ஒவ்வொன்றையும் சொல்லச் சொல்ல அவர் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நான் எதுக்குடி உன்னை அடிக்கறேன்? கல்யாணமாகி இத்தனை வருசத்துல கைய ஓங்கியிருக்கறனா?"

"இல்லைங்க. பாலத்துல விழறதுக்கு முன்னால ஒருநாளும் இல்லைங்க."

பெருவிரல் தட்ட ஆரம்பித்தது. பேச்சு நின்றது. ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். இரண்டு அடி வந்தவர் என் காலைப் பார்த்தார்.

"எதுக்கு ஊட்டுக்குள்ள செருப்பப் போட்டுட்டு நிக்கறே?"

நானும் குனிந்து பார்த்தேன். எப்போது போட்டுக்கொண்டேன் என்று எனக்கே தெரியாது.

"ஓடறதுக்குங்க," என்றேன்.

அவர் அப்படியே நின்றார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போகவில்லை. போக வேண்டும் போலத்தான் இருந்தது. "கூண்டு?" என்று மட்டும் கேட்டார்.

"குக்கர் விசில் அடிச்சுது. நீங்க ஊன்றுகோலால மேசைய அடிச்சீங்க. கூண்டுமேல பட்டுருச்சு."

"உள்ள இருந்துச்சா?"

"ரெண்டும் இருந்துச்சுங்க."

பிப்ரவரி 22, வியாழன்

அவர் சாப்பிடவில்லை. கடுகுக்கு ஆபரேஷன் நேற்று நல்லபடியாக முடிந்ததாக ஃபோன் வந்தது.

பிப்ரவரி 26, திங்கள்

மூளை நரம்பு டாக்டரிடம் மாதாந்தரப் பரிசோதனை. நடக்கச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். வழக்கம்போல என்னைப் பார்த்து, "கோபதாபமெல்லாம் எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார்.

"பரவாயில்லைங்க," என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒவ்வொரு மாதமும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். வேறு எதையாவது சொன்னால் இவரைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள் என்று பயம்.

"பொய் சொல்றா டாக்டர்," என்றார் இவர். "நான் இவளை அடிக்கறனுங்க. எனக்கு ஞாபகம் இருக்கறதில்ல. கன்னத்தப் பாருங்க. கையக் காட்டு கோகி."

காட்டினேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். எப்போதெல்லாம், எதற்குப் பிறகு, எவ்வளவு நேரம். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தான் சொன்னேன். பெருவிரலையும் சொன்னேன்.

முன்மூளையில் அடிபட்டவர்களுக்கு இப்படி வருவது உண்டாம். கோபத்தைப் பிடித்து நிறுத்துகிற இடம் அதுதானாம். முதலிலேயே தெரிந்திருந்தால் மருந்தை அப்போதே மாற்றியிருப்பேன் என்றார். திட்டவில்லை. மருந்து முழுக்க நிறுத்தாது, குறைக்கும் என்றார். "காரணம் நோய்ங்கறதுக்காக நீங்க வாங்கிக்கோணும்னு இல்லைங்கம்மா. பெருவிரல் தட்டினா வெளிய போயிருங்க. பக்கத்து வீட்டுக்குச் சொல்லி வைங்க. தட்டாமயும் வரும்னா, தனியா அவரோட இருக்கறது சரியில்ல." பாலக்காட்டு ரோட்டில் ஒரு மறுவாழ்வு மையம் இருப்பதாகவும், அங்கே தங்கிப் பயிற்சி எடுக்கலாம் என்றும் சொன்னார்.

ஆட்டோவில் இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தார்.

மார்ச் 2, சனி

கடுகு வீட்டுக்கு வந்துவிட்டது. கன்னத்தில் முடி மழித்துத் தையல். கூண்டைத் திறந்து கையை வாசலில் மட்டும் வைத்துக் காத்திருந்தேன். டாக்டர் நஸ்ரீன் சொன்ன மாதிரி, நானாகத் தொடவில்லை. முதலில் மீசை பட்டது. பிறகு உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டது. இவ்வளவு கனமில்லாமல் இருந்ததா இது?

இவர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அடி உள்ளே வைத்தார். கடுகு அசையாமல் நின்றது. பிட்டத்து முடி எழும்பியது. கையிலிருந்து குதித்துத் துணிக்கடியில் போய்விட்டது.

"வலி போயிருச்சுன்னாங்களே," என்றார்.

"போயிருச்சுங்க."

"அதுக்கு ஞாபகம் இருக்குது. எனக்குத்தான் இல்ல," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு இன்று முழுக்க அந்த அறைக்குள் வரவில்லை. கடுகை வேறு அறைக்கு மாற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும், நான் வராமல் இருந்துகொள்கிறேன் என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

புது மாத்திரை அவரைத் தூங்க வைக்கிறது. எழுப்பினால் யாரோ போலப் பார்க்கிறார். வீடு அமைதியாக இருக்கிறது. இந்த அமைதிக்குத்தான் ஆசைப்பட்டேனா என்று தெரியவில்லை.

உளுந்தின் கூண்டைக் கடுகின் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடுகு கம்பியருகே போய் மோந்தது. உளுந்து முதுகைத் திருப்பிக்கொண்டது. கடித்ததை அது மறக்கவில்லை.

மார்ச் 8, வெள்ளி

பிருந்தாவிடம் சொல்லிவிட்டேன். ஃபோனில் சொல்ல மனமில்லை. ஒண்டிப்புதூருக்கு பஸ் ஏறிப் போய், அவள் சமையலறையில் உட்கார்ந்து சொன்னேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அரிவாள்மணையை மடக்கி வைத்தாள்.

"எலியைக் கொல்லச் சொன்னேனேக்கா உன்கிட்ட. நீயும் சும்மா கேட்டுட்டு உக்கோந்திருந்தயே."

"வேற என்னத்தச் சொல்றது?"

"நெசத்தச் சொல்றது. நான் யாரோவா?" அழுதாள். பிறகு கோபப்பட்டாள். மாமாவின்மேல், என்மேல், அந்தப் பாலத்தின்மேல். இன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு என்றாள். அவருக்கு யார் சோறு போடுவது என்று கேட்டேன். அரிவாள்மணையை மறுபடி விரித்துக் கத்தரிக்காயை எடுத்தாள்.

வரும்போது கத்தரிக்காய்க் குழம்பைத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தாள், எப்போதும்போல.

மார்ச் 14, வியாழன்

இன்று காலை அவர் என்னை அடித்தார்.

இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை. பால்காரர் கேட்டில் கேனை இடித்தார். பெருவிரல் தட்டவில்லை. நான் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். காதோடு சேர்த்து அறைந்தார். இரண்டாவது அடிக்குக் கை ஓங்கும்போது வெளியே போய்விட்டேன். மயிலாத்தாக்கா வீட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

"என்ன கோகிலா?" என்று கேட்டார்.

"அவரு அடிச்சுட்டாருங்கக்கா," என்றேன்.

அந்த அம்மா ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே கூப்பிட்டுப் போய் மோர் கொடுத்தார். அவர் பூனை என் மடியில் ஏறியது. வேண்டாம் என்று இறக்கிவிட்டேன். பூனை வாசனையோடு போனால் கடுகு மிரளும்.

திரும்பிப் போனபோது அவர் படுக்கையறையில் உள்ளே தாழ் போட்டுக்கொண்டிருந்தார். "நான்தானே?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

"ஆமாங்க."

"எங்க?"

"காதுல."

"ரத்தம் வருதா?"

"இல்லைங்க."

மாலைவரை திறக்கவில்லை. திறந்தபோது சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தார். பொத்தான்கள் மாறிமாறிப் பூட்டியிருந்தன. "அந்தப் பாலக்காட்டு ரோட்டு எடத்துக்கு ஃபோன் போடு. நான் போயிர்றேன்," என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்வேன் என எதிர்பார்த்தாரோ என்னவோ. ஃபோனை எடுத்தேன்.

மார்ச் 20, புதன்

கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். கனகராஜ் கார் ஏற்பாடு செய்தார். மாமரங்களும் நீளமான வராந்தாவுமாக இடம் நன்றாகத்தான் இருக்கிறது. வராந்தாவில் ஒருவர் ஒரே நாற்காலியைத் திரும்பத் திரும்ப நகர்த்திக்கொண்டிருந்தார்.

சேர்க்கும்போது அங்கிருந்த சிஸ்டர் அவரைப் பற்றி என்னிடம் கேட்டார். அவரே குறுக்கிட்டு, "எங்கிட்ட கேளுங்க," என்றார். "சத்தம் ஆகாதுங்க. வலது கால் பெருவிரல் தட்டும். சில சமயம் தட்டாது. பக்கத்துல வர்றப்ப முன்னாலயே சொல்லீட்டு வாங்க." என்னிடமிருந்து கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார்.

கிளம்பும்போது என் கையைப் பிடிக்க வந்து, நிறுத்திக்கொண்டார். நான்தான் பிடித்தேன்.

"நான் சரியாகலைன்னா?" என்றார்.

வண்டி காத்திருந்தது. சரியாகிவிடுவீர்கள் என்று யாராயிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"தெரியலைங்க," என்றேன்.

தலையாட்டினார்.

மார்ச் 27, புதன்

ஒரு வாரமாக அடுத்த அறையில் ஆள் நடமாடும் சத்தம் இல்லை. கடுகு கூண்டைவிட்டு வெளியே வந்து வீடெல்லாம் சுற்றுகிறது. அவர் அறைக்குள்ளும் போய்க் கட்டிலுக்கடியில் மோந்து பார்த்துவிட்டு வந்தது. மிரளவில்லை. எனக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இல்லை.

ஏப்ரல் 6, சனி

கடுகு சரியாகத் தின்பதில்லை. சீழ் மறுபடி கட்டுகிறது என்றார் டாக்டர் நஸ்ரீன். இந்த வயதில் இன்னொரு முறை மயக்க மருந்து கொடுத்தால் தாங்காதாம். எலிகளுக்கு ஆயுளே இரண்டு, மூன்று வருடம்தான். வலி தெரியாமல் இருக்கச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். வாழைப்பழத்தில் பிசைந்து விரல் நுனியில் வைத்தால் நக்கிக்கொள்கிறது.

"கடிச்சாலும் கடிக்கும், பாத்துக்கங்க," என்றார். என் கையையும் ஒரு முறை பார்த்தார். பழைய நீலம் மறைந்து தோல் தோலாக இருந்தது.

ஏப்ரல் 11, வியாழன்

இன்று காலை கடுகு போய்விட்டது.

விடிந்ததிலிருந்தே மூச்சு வாங்கியது. மடியில் துண்டு விரித்து வைத்துக்கொண்டேன். உளுந்தைக் கொண்டுவந்து பக்கத்தில் விட்டேன். இவ்வளவு நாளும் முகம் கொடுக்காதது, மெதுவாக வந்து மோந்தது. பிறகு துண்டின் மறு ஓரத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒட்டிப் படுக்கவில்லை. விலகியும் போகவில்லை. பால் காய்ச்சுகிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மயிலாத்தாக்கா கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் குழி தோண்டிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை அவர் ஃபோன் செய்யும் நாள். சாயங்காலம் வந்தது.

குரல் தெளிவாக இருந்தது. காலையில் தோட்ட வேலை கொடுக்கிறார்கள், நேற்று ஒருவர் தட்டைக் கீழே போட்டார், எழுந்து வெளியே போய்விட்டேன், யாரையும் ஒன்றும் செய்யவில்லை என்றார். போன வாரம் ஒருவரைப் பிடித்துத் தள்ளிவிட்டதையும் சொன்னார்.

பிறகு, "கடுகு எப்படி இருக்குது?" என்றார்.

நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவருக்கு இன்று நல்ல நாள்.

"காத்தால செத்துருச்சுங்க," என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ நடந்து போகும் சத்தம் கேட்டது.

"என்னாலதானே?"

"பல்லு ஒடைஞ்சதாலதாங்க. வயசும் ஆயிருச்சு."

"ம். கடைசில உன்னைக் கடிச்சுதா?"

"இல்லைங்க. மடியிலதான் இருந்துச்சு."

"நீ எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"பயமா இருக்குதுங்க," என்றேன். "நீங்க திரும்பி வர்றத நெனச்சா."

"எனக்குந்தான் கோகி," என்றார்.

அவர் ஃபோனை வைக்கும்வரை நான் வைக்கவில்லை.